அத்தான் சட்டைப் பையில் இருந்த பாதி வசனம்

டாக்டர் அந்த அட்டையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பச்சை மையில் தமிழ். அவருக்குத் தமிழ் தெரியாது. பின்பக்கம் தங்க நிறத்தில் மாங்காய் பார்டர், அதன் நடுவில் 9.00 - 10.30 என்று ஒரு நேரம்.

"சாச்சா, யே கிஸ் டாக்டர் கா அப்பாயின்ட்மென்ட் ஹை?" என்று கேட்டார். நம்மிடம் வந்துவிட்டு வேறொரு டாக்டரிடமும் நேரம் வாங்கியிருக்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், செல்லத்துரை அத்தான், சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர் கா நஹி சாப். பகவான் கா ஹை. இஸ்மே லிக்கா ஹை, பைர் கோ குச் நஹி ஹோகா" என்றார். கடவுள் தந்த அட்டை, காலுக்கு ஒன்றும் ஆகாது என்று இதில் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அத்தானின் வலது காலில் கடைசி இரண்டு விரலும் கரிக்கட்டை மாதிரி ஆகியிருந்தன. சுகர். திங்கட்கிழமைக்குள் அந்த இரண்டு விரலை எடுத்துவிட்டால் பாதம் மிஞ்சும், தள்ளிப்போட்டால் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரும், அதற்கப்புறம் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை.

அத்தான் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நான் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.  அந்தப் பச்சை எழுத்து என்னுடையது.

மாமி கொடுத்த பத்திரிகைகள்

என்னைப் பற்றிப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாராவியில் பிறந்து தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது பிழைப்பு. என் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் மாட்டுங்காவில் இருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நடந்தே போய் வருவேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வேத வசனம்தான் அவருக்கு அந்த வருஷம் முழுக்க. சிலர் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். சிலர் கேஸ் சிலிண்டருக்கு மேலே ஒட்டுவார்கள். அத்தான் சட்டைப் பையில் வைப்பார், இதயத்துக்கு நேரே.

அச்சடித்த அட்டைகள் ஊரிலிருந்து பார்சலில் வரும். அந்த வருஷம் டிசம்பர் கடைசி வரைக்கும் பார்சல் வந்து சேரவில்லை. போதகர் கையைப் பிசைந்தார். "நான் எழுதித் தாரேன் ஐயா" என்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம்தான்.

தடித்த தாள் வேண்டுமே? மாட்டுங்கா மாமி ஒருத்தி வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். அவர்கள் வீட்டுக்கு வராத அழைப்பே கிடையாது. கூச்சத்தோடு கேட்டேன்.

"உங்க சாமி வாக்கை எங்காத்துப் பத்திரிகைல எழுதப் போறியா? பேஷா எடுத்துண்டு போ. ரெண்டு பக்கமும் மங்களமாத்தானே இருக்கும்!" என்று ஒரு பை நிறையக் கொடுத்தாள்.

டாக்டர் பார்த்த ஒன்பது முதல் பத்தரை, யாரோ ஒரு மணமக்களின் முகூர்த்த நேரம்.

புடவை வெட்டுகிற கத்தரியால் நூற்றுக்கு மேல் அட்டை வெட்டினேன். ஸ்கெட்ச் பேனா தடி. கண் மங்கியவர்களுக்கும் தெரிய வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாகப் போட்டேன். அதனால் நிறைய அட்டைகளில் முழு வசனத்துக்கு இடம் பற்றவில்லை. நல்லதாய் இருக்கிற பாதியை மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டேன். எந்தப் புஸ்தகம், எத்தனையாவது அதிகாரம் என்று போடவும் இடமில்லை. நமக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் எடுத்த அட்டையில் இருந்தது சங்கீதத்தில் ஒரு வசனத்தின் முன்பாதி. கர்த்தர் உன் கால் தள்ளாட விடமாட்டார் என்கிற பொருள். அவ்வளவுதான்.

பிஸ்கட் டப்பாவும் கேள்விகளும்

இந்த இடத்தில் அந்த டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அத்தான் என்மேல் வைத்திருந்த கடுப்பு உங்களுக்குப் புரியாது.

பெண்கள் கூட்டத்தில் நாங்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பா மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தோம். வேதத்தில் சந்தேகம் இருக்கிறவர்கள் பேர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். மாதம் ஒரு தடவை திறந்து பதில் சொல்வோம். படித்த பெண்கள் ஒவ்வொருவராய் வேலை வேலை என்று நழுவ, வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பதில் தெரியும் என்பதால் இல்லை. தெரியாததை வீட்டில் போய்த் தேடிப் பார்க்கிற பொறுமை எனக்கு இருந்தது.

ஆதாமின் மகன் காயீனுக்குப் பெண் எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டு வரும். ஜெபித்தும் என் புருஷன் குடியை விடவில்லையே, கர்த்தருக்குக் காது கேட்கவில்லையா என்று அதற்கு அடியிலேயே இன்னொரு சீட்டு கிடக்கும். முதல் சீட்டுக்கு எல்லாரும் சிரிப்போம். இரண்டாவதற்கு யார் கையெழுத்து என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொள்வோம்.

பக்கத்து வீட்டில் கோயில் பொங்கல் கொடுத்தால் சாப்பிடலாமா என்பது தாராவியில் வராத மாதமே இல்லாத கேள்வி. வேதத்தில் பவுல் இதைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார். நான் வாசித்துப் புரிந்துகொண்டதைச் சொன்னேன்: உங்கள் மனசு உறுத்தினால் சாப்பிடாதீர்கள், உறுத்தாமல் சாப்பிடுகிறவளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், கொடுத்தவள் மனசை நோகடிக்காதீர்கள்.

கொடுக்கிறவள் என் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி. டப்பா எதுவும் இல்லாமலே கேட்கிறவள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நின்றுகொண்டு, "யக்கா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவிங்கீங்க. அப்புறம் ஒரே சாமிங்கீங்க. ரேஷன் கார்டுல எத்தன பேருன்னு எழுதுவீங்க?" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு முழுசாப் புரியல முத்து. புரிஞ்ச மட்டும் சொல்லட்டா? தனியா இருக்குற சாமி இல்ல, அன்புலயே இருக்குற சாமி. அன்புன்னா ஒராளு போதாதுல்லா?" என்றேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அது சரி" என்றாள். எனக்கு அன்று முழுக்கத் தலை நிமிர்ந்தே இருந்தது.

அத்தானுக்கு இது ஒன்றும் பிடிக்காது. அவர் சபைக் கமிட்டி மெம்பர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவர் அவர்தான். வெண்கலக் குரல். "ஏழாங்கிளாஸ் படிச்ச பிள்ள வேதத்துக்கு வெளக்கம் சொல்லுது. நமக்கெல்லாம் என்ன சோலி?" என்று என் காதில் விழும்படியே சொல்வார். நான் பதில் பேசினதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

இப்போது அந்த ஏழாங்கிளாஸ் எழுத்தை நம்பித்தான் அவர் காலைக் கொடுக்க மாட்டேன் என்றார்.

இன்னொரு வசனம்

சனிக்கிழமை போதகர் வந்து பேசிப் பார்த்தார். "ஐயா, வசனம் பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க" என்று அத்தான் கேட்டாராம். போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "ஏட்டி, வசனத்துக்கு வசனம்தான் சரி. ஒன் காலு ஒனக்கு இடறலா இருந்தா அதத் தறிச்சுப் போடுன்னு சுவிசேஷத்துல ஒண்ணு இருக்குல்லா? அதப் பெரிய எழுத்துல எழுதி அண்ணன் கையில குடு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவாரு."

எனக்குப் பகீரென்றது. பிறகு யோசித்துப் பார்க்கப் பார்க்க, சரிதானே என்று பட்டது. மாமியின் பத்திரிகை இன்னும் நாலைந்து மீதி இருந்தது. ஒன்றை வெட்டினேன். பேனா மூடியைத் திறந்தேன்.

எழுத முடியவில்லை.

அது காலைப் பற்றிய வசனமே இல்லை. பாவத்தைப் பற்றியது. ஒருத்தனைத் தப்பான வழியில் இழுத்துக்கொண்டு போகிற எதுவாக இருந்தாலும் விட்டுவிடு என்று இயேசு அழுத்திச் சொன்ன பேச்சு. அதைக் கொண்டுபோய் ஒரு சுகர்காரர் முன்னால் வைத்தால்? போன தடவை பாதி வசனம் எழுதிக் கெடுத்தேன். இந்தத் தடவை முழு வசனத்தை எழுதிக் கெடுப்பேன். நல்ல காரியத்துக்காகப் பொய் அர்த்தம் சொன்னாலும் அது பொய் அர்த்தம்தான்.

"அப்ப அண்ணன் காலு?" என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன்.

ஞாயிறு ஆராதனையில் அத்தான் இடம் காலியாக இருந்தது. வேறு யாரோ பாடம் வாசித்தார்கள். வீட்டுக்கு வந்து துணி உலர்த்தும்போது முத்துலட்சுமி கேட்டாள்: "அண்ணாச்சி பையில இருக்குறது நீங்க எழுதிக் குடுத்த சீட்டுதான யக்கா? நீங்களே போயி வாங்கிட்டு வந்துருங்களேன்."

அவளுக்கு அது அவ்வளவு லேசு. ஆனால் அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுவரில் தொங்கிய பதில்

மத்தியானம். வீட்டுக்குள் மருந்து வாடையும் அதற்கு மேலே எஸ்தர் அக்கா ஏற்றிய ஊதுவத்தி வாடையும். அத்தான் கட்டிலில் கால் நீட்டியிருந்தார். நான் வழக்கம்போல நிலைக்கதவை ஒட்டி நின்றேன்.

"டப்பாக்காரி வந்துட்டாளா? சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியர், டாக்டருட்டப் போறது பாவமில்லன்னு சொல்லப் போற. அத டப்பாலயே சொல்லிட்ட. புதுசா இருந்தாச் சொல்லு" என்றார்.

"அது இல்லத்தான். அந்த அட்டய நான் பாதிதான் எழுதுனேன். மீதிய இன்னிக்கு ஒங்க வாயால வாசிங்க. எட்டே வசனம். இன்னிக்குச் சபையில ஒங்க கொரலு இல்லாம வெறிச்சுன்னு இருந்துச்சு."

கடைசியில் சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சங்கீதத்தை எடுத்து வாசித்தார். அந்த வெண்கலக் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மலைகளைப் பார்ப்பது, உதவி எங்கிருந்து வரும் என்று கேட்பது, கால், காக்கிறவர் தூங்கமாட்டார் என்பது. ஆறாவது வசனம் வந்தது. பகலில் வெயிலும் உன்னை ஒன்றும் செய்யாது என்கிற வசனம்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அத்தானின் கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. பம்பாயில் எல்லாரும் மழைக்குக் குடை பிடிப்பார்கள். அத்தான் வெயிலுக்கும் பிடிப்பார். தாராவியில் அவருக்குக் குடை அண்ணாச்சி என்றே பேர்.

"அத்தான், வெயிலு ஒண்ணும் செய்யாதுன்னு இருக்கே. அந்தக் குட எதுக்கு?"

எஸ்தர் அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அத்தான் குடையைப் பார்த்தார். புஸ்தகத்தைப் பார்த்தார். "அது வேற" என்றார்.

"வேற இல்ல. காலும் வெயிலும் ஒரே பாட்டுல இருக்கு. வெயில்ல குட புடிக்கும்போது ஒங்க விசுவாசம் கொறஞ்சு போச்சா? இது வழிநடையாப் போறவங்க பாட்டுத்தான். மேலயே போட்டுருக்கு பாருங்க. மலையேறிக் கோயிலுக்குப் போறவங்க பாடுனது. வழியில கல்லு உண்டு, வெயிலு உண்டு, பயம் உண்டு. ஒண்ணுமில்லாத ரோட்டுக்குக் காவலு எதுக்கு? ஒன்னைத் தனியா விடமாட்டேன், கூடவே முழிச்சிருப்பேன்னு சொல்லுதாரு. காயமே படாதுன்னு சொன்ன மாதிரி எழுதுனது நான். கர்த்தர் இல்ல. தப்பு ஏம்மேல."

 வெளியே யாரோ ஒருத்தன் வெங்காயம் கூவிக்கொண்டு போனான்.

பிறகு அத்தான், என்னைப் பார்க்காமலே, "நீ அந்த இன்னொரு வசனத்தத்தான் கொண்டு வருவன்னு நெனச்சேன்" என்றார். "காலத் தறிச்சுப் போடுங்குற வசனம். ரெண்டு நாளா அதுதான் மனசுல ஓடுது. அந்தக் கால வச்சு நான் என்ன பாவத்துக்கு நடந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். கமிட்டில இருக்கேன், வேதம் வாசிக்கேன். காலு போச்சுன்னா சபையில என்ன நெனப்பாங்க? கர்த்தர் இவன அடிச்சுட்டாருன்னுதான?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் அட்டையை நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதை விட்டால் தண்டனை என்று ஆகிவிடுமே என்று பயந்து பிடித்துக்கொண்டிருந்தார். நேற்று நான் அந்த வசனத்தை எழுதிக் கொடுத்திருந்தால்?  ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். ஆனால் தண்டனை வாங்கப் போகிறவராகப் போயிருப்பார்.

"அது பாவத்தப் பத்துன வசனம் அத்தான். ஒங்க சுகர் பாவமில்ல. பிறவிக் குருடனப் பாத்து, இவன் பாவமா, அப்பன் ஆத்தா பாவமான்னு சீஷருங்க கேட்டாங்கல்லா? ரெண்டுமில்லன்னுதான இயேசு சொன்னாரு? அந்த அதிகாரத்த நீங்கதான் சபையில வாசிச்சீங்க. நான் பின்னால பெஞ்சுல உக்காந்து கேட்டேன்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. அது தானாக வழிந்தது.

"உக்காரும்மா கிரேசு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவர் முன்னால் ஒரு நாற்காலியில். மீதி இரண்டு வசனத்தையும் வாசித்தார். போகிறதையும் வருகிறதையும் அவர் காப்பார் என்று அந்தப் பாட்டு முடிகிறது.

"போறதுக்கும் வாரதுக்கும் டாக்ஸி சொல்லிரு. காலையிலயே போயிருவோம்" என்றார் எஸ்தர் அக்காவிடம்.

தட்டு வந்தபோது

இரண்டு விரல்கள் போயின. பாதம் மிஞ்சியது. டாக்டர் டிஸ்சார்ஜ் அன்று, "சாச்சா, வோ கார்ட் கஹான் ஹை?" என்று அந்த அட்டையைக் கேட்டார். அத்தான் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, என்னைக் கை நீட்டி, "இஸ்னே ஆதா லிக்கா தா" என்றார். இவள் பாதிதான் எழுதியிருந்தாள் என்று. டாக்டர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

அடுத்த புத்தாண்டுக்கு ஊரிலிருந்து பார்சல் சரியாக வந்து சேர்ந்தது. பளபளவென்று பூப்போட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி, அதன் அடியில் அதிகார எண். அவர்களுக்கும் இடம் பற்றவில்லை போலும்.

தட்டு ஆண்கள் பக்கம் போனது. அத்தான் குடையை ஊன்றி எழுந்து ஒன்றை எடுத்தார். சத்தமாக வாசித்தார். எல்லாரையும்போலப் பையில் வைத்துவிட்டு உட்காருவார் என்று நினைத்தேன். அவர் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினார்.

"கிரேசு" என்றார், பாடம் வாசிக்கிற அதே குரலில். "இதுக்கு மேல் வரி என்ன, கீழ் வரி என்ன?"

சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். அங்கேயே ஒப்பித்திருக்கலாம். பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

"அட்டையில இருக்குற அதிகாரத்தச் சொல்லுங்க அத்தான். எல்லாரும் சேர்ந்து பாத்துருவோம்" என்றேன்.

பக்கங்கள் புரளுகிற சத்தம் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரைக்கும் போனது. தமிழ் வாசிக்க வராத பிள்ளைகள் போனில் இந்தியில் தேடினார்கள். அத்தான் குடையை முன் பெஞ்சில் மாட்டிவிட்டு, கடைசி ஆள் பக்கத்தைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே காத்திருந்தார்.